மாறாததால் மூடினார்கள் என்று எழுதாதீர்கள்

நீங்கள் அச்சிட்ட சந்தை மலரில் அந்த இரண்டு பக்கத்தைப் படித்தேன். பேக்கரியும் மளிகையும் சேர்ந்த ஒரு குடும்பக் கடையின் வரலாறாம். தாத்தா படம், பேரன் படம், கடைசியில் ஒரே வரி: காலத்துக்கேற்ப மாறாததால் கடை மூடப்பட்டது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மாறாமலா இருந்தார்கள்? விறகு அடுப்பில் ஒருமுறை தீ மூட்டினால் செங்கல் தளத்தின் சூடு மெல்லத்தான் இறங்கும். முதல் சூட்டில் ரொட்டி, அது தணிந்ததும் கேக், கடைசிச் சூட்டில் ரஸ்க். நாள் முழுக்க வேலையே அந்த வரிசையில்தான் ஓடும். எரிவாயு அடுப்பு வந்தபோது அந்த வரிசையையே கலைத்துப் போட்டுப் புதிதாகப் பழகினார்கள். கையால் பிசைந்ததை விட்டு மிக்ஸருக்கு வந்தார்கள். இதெல்லாம் மாற்றமில்லையா?

காலை ஆறு மணிக்கு ரொட்டி வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோ மாவுக்கு அறுபது கிலோ தண்ணீர், இரண்டு கிலோ உப்பு, இரண்டு கிலோ ஈர ஈஸ்ட். நள்ளிரவில் பிசைந்தால் பொங்க இரண்டு மணி நேரம். 400 கிராம் ரொட்டிக்கு 450 கிராமுக்கு மேல் நிறுத்து உருட்ட வேண்டும், வேகும்போது எடை குறையும். டின்னில் மறுபடி ஒரு மணி நேரம், அடுப்பில் அரை மணிக்கு மேல், பிறகு ஆற வேண்டும். சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மாவின் சூடு 27 டிகிரி தாண்டி ஏறினால் சொன்ன நேரத்துக்கு முன்பே பொங்கிப் புளித்துவிடும். வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் பிசைய வேண்டும். இத்தனைக்கும் ராத்திரி முழுக்க ஆள் நிற்க வேண்டும்.

தொழிற்சாலைக்கு அந்த இரண்டு மணி நேரம் தேவையில்லை. 1961இல் இங்கிலாந்தின் சார்லிவுட்டில் உருவான முறையில் அதிவேக மிக்ஸர் சில நிமிடங்களில் மாவைப் பதப்படுத்திவிடும். அந்த இயந்திரத்துக்கு ஏற்ற அளவு விற்பனை சின்னக் கடைக்கு எங்கிருந்து வரும்? இதைப் போய் மாறாத குணம் என்று எழுதலாமா?

“தரம் குறைந்தது” என்பீர்கள். சில நாள் குறைந்தது, சரி. ராத்திரி வேலைக்கு ஆள் கிடைக்காத நாட்கள் அவை.

“வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும்படி மளிகையை மாற்றியிருக்கலாமே” என்றும் கேட்பீர்கள். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸில் பிக்லி விக்லி என்ற கடை தொடங்கிய முறை அது, தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் ரொட்டி அன்றன்றைக்கு விற்க வேண்டிய சரக்கு, மளிகை மாதக்கணக்கில் நிற்கும். ஒன்றின் நஷ்டத்தை மற்றது தாங்கியது. மாவு எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் சோப்பையும் மண்ணெண்ணெயையும் தனி அறையில் அடைத்து, மாவு மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல் அடுக்கி, ஒரே கூரைக்குள் இரண்டு தொழில் நடத்தினார்கள். சரக்குத் தட்டுகளை வரிசையாக வைத்து, வாடிக்கையாளர் நடக்க நடுவில் வழி விட அங்கே இடம் ஏது?

இடத்தை விடுங்கள், பணம் எங்கே? பணமெல்லாம் பற்று நோட்டில் கிடந்தது. கையில் காசில்லாத வாரங்களில் அந்த நோட்டில் எழுதி வாங்கியவர்கள், காசு வந்ததும் பெரிய கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்தார்கள். பாக்கி வைத்த யார் பெயரையும் அந்தக் குடும்பம் வெளியில் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களைப் பார்த்தா மாறத் தெரியாதவர்கள் என்று அச்சடிப்பீர்கள்?

அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எத்தனை மணிக்குப் பிசையத் தொடங்கினார்கள் என்று போடுங்கள். பற்று நோட்டைப் பற்றியும் எழுதுங்கள்.