ரீயூனியன் தீவும் எட்டரை மணி வேனும்

இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற பிரெஞ்சுத் தீவு ரீயூனியனுக்கு போறோம், நாலு நாள் போதுமான்னு இன்பாக்ஸ்ல மூணு பேர் கேட்டாச்சு, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ண சோம்பேறித்தனமா இருக்கு, இங்கயே கொட்டிடறேன். நாள் கணக்க அப்புறம் பாக்கலாம், அந்த ஊர்ல மணிக்கணக்குதான் முக்கியம்.

முதல் தடவ போனப்ப ஒரு வேன் டூர்ல காசு கட்டி மாட்டினோம். ஹோட்டல் ஹோட்டலா நின்னு ஆள ஏத்திக்கிட்டு எட்டரைக்கு கிளம்பி, நடுவுல வெனிலா கடை, ஜாம் கடைன்னு இறக்கி ஏத்தி, எரிமலைய பாக்கற பா-த-பெல்கோம்ப் வியூபாயின்ட்டுக்கு போய் சேர்றப்ப மணி பதினொண்ணு. கைப்பிடிக் கம்பி தெரிஞ்சுது, அதுக்கு அந்தாண்ட ஒரே வெள்ளை. டிரைவர் அந்த வெள்ளைய கை காட்டி எரிமலை அங்கதான் இருக்குன்னாரு, எல்லாரும் அந்த வெள்ளைய போட்டோ எடுத்துக்கிட்டோம். பாவம் மனுஷன், அவர சொல்லி என்ன, நேரத்த போட்டவங்கள சொல்லணும். கடல்ல இருந்து மேகம் காலையிலயே மலை ஏறிடும்னு அந்த ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியும்ங்க.

ரெண்டாவது தடவ உஷாராகி மேல பூர்-முரா கிராமத்துலயே ரூம் போட்டோம், நாலு மணிக்கு எழுந்து வாடகைக் கார்ல முக்கால் மணி நேரம். வழியில ப்ளேன் தே சாப்ள்னு ஒரு செம்மண் பொட்டல், மரம் மட்டை ஒண்ணும் கிடையாது, இருட்டு விலக விலக அது நிறம் மாறுது பாருங்க, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு. 2632 மீட்டர் உசர எரிமலை, பிட்டோன் த லா ஃபுர்னேஸ், அன்னிக்கு பளிச்சுன்னு நின்னுச்சு. கீழ பள்ளத்துல சின்னதா ஒரு கூம்பு இருக்கு, ஃபோர்மிக்கா லியோ, லத்தீன்ல குழியானைன்னு அர்த்தம், சின்ன வயசுல மணல் குழிய ஊதி ஊதித் தேடுவோமே அதே பூச்சிதான், பாத்தா அந்தக் குழி மாதிரியேதான் இருக்கு. ஒம்பதரைக்கெல்லாம் மேகம் வந்து மூடிடுச்சு, நாங்க இறங்கறப்ப வேனுங்க ஏறிட்டு இருந்துச்சு.

அடுத்தது, லாவா பாக்கணும்னே போகாதீங்க. உலகத்துலயே அடிக்கடி வெடிக்கிற எரிமலைகள்ல இது ஒண்ணு, ஆனா உங்க லீவ் லெட்டர பாத்துட்டு வெடிக்காது. வெடிச்சாலும் அந்தப் பள்ளத்துக்குள்ள இறங்கற பாதைய சாத்திடுவாங்க. லாவா என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்கணும்னா கிழக்குக் கரை ரோட்டுல ஒரு முழு நாள் ஒதுக்குங்க. பிட்டோன் சேன்த்-ரோஸ்ல ஒரு சர்ச், 1977ல லாவா ஊருக்குள்ள வந்து வீடுகள கொளுத்திட்டு சர்ச் வாசல்ல வந்து ரெண்டா பிரிஞ்சு சுத்திப் போயிருக்கு, கருங்கல்லா இறுகினது இன்னும் சுவர ஒட்டியே கிடக்கு. அதுக்கப்புறம்தான் 1979ல எரிமலைய கண்காணிக்க ஆய்வு நிலையமே வெச்சாங்க. தெக்க, லாவா கடலுக்கு இறங்கற சரிவான க்ரான் ப்ரூலே போனா எந்த வருஷம் ஓடின லாவான்னு ரோட்டோரம் போர்டு நட்டிருக்கும். 2007 ஏப்ரல்ல வந்தது ரோட்டையே முழுங்கிடுச்சு, அதே சமயம் மேல உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல உள்ள சரிஞ்சு விழுந்துச்சு. இப்ப அந்தக் கறுப்புப் பாறை மேல சாம்பல் கலர்ல பாசி படிஞ்சு, இடுக்குல பெரணி முளைச்சிருக்கு. எங்க வேன் இங்க நின்னது பத்தே நிமிஷம், அதுவும் பாத்ரூமுக்கு.

பீச்சுக்காக போறதா இருந்தா பக்கத்துல மொரீஷியஸ் போங்க, நிஜமாத்தான் சொல்றேன். இங்க சுறா பயம் ஜாஸ்தி, பவளப் பாறைக்கு உள்பக்கம் இல்லன்னா கண்காணிப்பு இருக்கிற இடம், அவ்ளோதான் குளிக்க முடியும்.

நம்மாளுங்க சம்பந்தம் பத்தியும் கேட்டிருந்தீங்க. 1848ல அடிமை முறைய ஒழிச்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா தமிழ் ஜனங்கள ஏராளமா கொண்டு போயிருக்காங்க, அவங்க வம்சத்த மலபார்னு கூப்பிடறாங்க. கடை போர்டுல ராமசாமி, முத்துசாமின்னு பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல இருக்கும், உடனே உள்ள போய் தமிழ்ல ஆரம்பிச்சுடாதீங்க, பெரும்பாலும் பிரெஞ்சுல இருந்து வந்த உள்ளூர் பாஷை கிரியோல்தான் பேசுவாங்க, நான் ஆரம்பிச்சு அசடு வழிஞ்சேன். ஆனா காவடியும் தீமிதியும் விடல. சந்தையில முருங்கைக் கீரை கட்டு கட்டா விக்குது, ப்ரெட் முருங்னு பேரு. தொட்டுக்க வைக்கிற ருகாய் நம்ம ஊறுகாய்ல இருந்து வந்த பேர்னு சொல்றாங்க, சாப்பிட்டா நம்பத் தோணுது.

மத்தபடி ஆறு நாளாவது வைங்க, அதுல ரெண்டு ராத்திரி மலை மேல. கார் ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே சொல்லி வைங்க, அங்க வலது பக்கம் ஓட்டணும், சிலாவோஸ்ங்கிற மலை ஊருக்குப் போற ரோட்டுல மட்டும் நானூறு வளைவுன்னு கணக்கு, வாந்தி வர்றவங்க முன் சீட்டுல உக்காருங்க.