இருட்டாக இருந்தால்தான் ஆழமா?

ஒரு ஃபேண்டஸி நாவலையோ சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரையோ யாராவது பரிந்துரைத்தால், இப்போதெல்லாம் ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடுகிறது: "செம டார்க்." எச்சரிக்கையாகச் சொல்வதில்லை, பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். நாயகன் மூன்றாவது அத்தியாயத்திலேயே யாரையாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பக்திமான் ஒருவர் வந்தால் அவர் கடைசியில் வில்லனாக மாற வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கத்தியை மறைத்து வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அது பெரியவர்களுக்கான கதையாம்.

எனக்கு இது சலித்து நாளாகிவிட்டது. டிராகன்களும் விண்கலங்களும் எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவு பிடிக்கும் நல்ல மனிதர்களையும். நெருக்கடியில் பிரார்த்தனை செய்கிறவர்கள், சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புகிறவர்கள், மனம் கசந்தால் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறவர்கள் உலவும் மாய உலகக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். இதைச் சொன்னால் சிலர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், "இன்னும் குழந்தைக் கதையை விடலையா" என்பதுபோல. அவர்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு. சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்க்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருண்ட கதைகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கூட ஒரு சர்வாதிகார நாட்டுக் கதைதானே. ஆனால் அதைப் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான் முதலில் சொல்வார்கள். தீமை என்றால் ஆழம், நன்மை என்றால் மேலோட்டம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. துரோகத்தை எழுதுவது சுலபம். எந்த அத்தியாயத்தில் வேண்டுமானாலும் நுழைக்கலாம், கதை உடனே சூடுபிடித்துவிடும். நம்பும்படியான ஒரு நல்லவனை நானூறு பக்கம் அலுக்காமல் நடத்திக்கொண்டு போவதற்குத்தான் கை தேர்ந்திருக்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் டெர்ரி பிராட்செட்டின் 'தட்!', 2005-இல் வந்தது. சாம் வைம்ஸ் என்பவர் ஒரு பெருநகரத்தின் காவல்படைத் தலைவர். அங்கே வாழும் குள்ளர் இனத்துக்கும் ட்ரோல் என்ற கல் அரக்கர் இனத்துக்கும் இடையே எந்த நேரமும் கலவரம் வெடிக்கலாம். ஒரு கொலை வேறு நடந்திருக்கிறது. பாதாளத்திலிருந்து ஏதோ ஒரு பழைய இருட்டுச் சக்தி கிளம்பியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் வைம்ஸ் ஒரு விஷயத்தில் மட்டும் அசையவே மாட்டார். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும், தன் குட்டி மகனுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்ட. நல்ல காரணத்துக்காக ஒரு நாள் தவறவிட்டால், நாளைக்கு உப்புச்சப்பில்லாத காரணத்துக்காகவும் தவறவிடுவோம் என்பது அவர் கட்சி. ஆரம்பத்தில் இது சிரிப்புக்காக வைத்ததுபோலத்தான் தெரியும். உண்மையாகவே சிரிப்பும் வரும்.

ஆனால் உச்சக்கட்டத்துக்கு வாருங்கள். அந்த இருட்டுச் சக்தி வைம்ஸின் கோபத்தைப் பிடித்துக்கொண்டு அவரைக் கொலைகாரனாக்கப் பார்க்கிறது. வீட்டிலிருந்து வெகுதூரத்தில், ஒரு குகைக்குள், கையில் ஆயுதத்தோடு வெறிபிடித்து நிற்கும் மனிதர் அந்தக் குழந்தைப் புத்தகத்தின் வரிகளைக் கத்திக்கொண்டிருக்கிறார். மணி ஆறு! தன்னையே காவல் காக்கிற ஒரு காவலன் அவருக்குள் இருக்கிறான், அவனைத் தாண்டி அந்தச் சக்தியால் போக முடிவதில்லை. ஒரு தகப்பன் தினமும் காப்பாற்றிய சின்னச் சத்தியம் மந்திரத்தைவிட வலுவாக நிற்கிறது. அந்த ஆறு மணியைக் கதையிலிருந்து உருவிவிட்டால் கதை மொத்தமும் சரிந்துவிடும். நான் தேடுவது இதைத்தான். நல்ல குணம் கதைக்கு அலங்காரமாக ஓரத்தில் நிற்கக் கூடாது, அதுதான் கதையை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

மாய உலகம் என்பதால்தான் இதை இவ்வளவு தூரம் கொண்டுபோக முடிகிறது என்றும் நினைக்கிறேன். சாதாரணக் குடும்ப நாவலில் அப்பா மகனுக்குப் புத்தகம் வாசித்தால், சரி, நல்ல அப்பா என்று கடந்துவிடுவோம். பாதாளத்து இருட்டுக்கு முன்னால் அதே அன்பை நிறுத்தினால்தான் அதன் எடை கண்ணுக்குத் தெரிகிறது.

அப்புறம் கேத்தரின் ஆடிசனின் 'தி காப்ளின் எம்பரர்', 2014. பேரரசரும் மூத்த மகன்களும் ஆகாயக் கப்பல் விபத்தில் இறந்துபோக, யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத கடைசி மகன் மையா பதினெட்டு வயதில் அரியணை ஏறுகிறான். தாய் வேற்று இனத்தவள், அவளும் அவனுடைய சிறு வயதிலேயே போய்விட்டாள். தொலைதூர மாளிகை ஒன்றில் அவனை வளர்த்த உறவினன் அடித்தே வளர்த்தான், தழும்பு இன்னும் கையில் இருக்கிறது. இப்படி ஒருவனுக்கு ஒரே இரவில் எல்லா அதிகாரமும் வந்தால்? ஒரு டார்க் கதை என்றால் நூறாவது பக்கத்தில் பழிவாங்கும் படலம் தொடங்கியிருக்கும்.

மையா அந்த உறவினனைத் தண்டிப்பதில்லை. அதே சமயம் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. இந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மன்னிப்பு என்றால் திரும்பவும் அடிக்கு முதுகைக் காட்டுவது என்றே பல கதைகள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. இந்தப் பையன் வெறுப்பை வளர்க்காமலே கதவைச் சாத்திக்கொள்கிறான். உறவுகளில் இப்படியும் ஒரு வழி உண்டு என்று அறிவுரைப் புத்தகம் எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை, ஆகாயக் கப்பலும் அரண்மனைச் சதியும் உள்ள நாவலில் வந்தால் மனதில் தங்குகிறது.

அவனுடைய பக்தியும் அழகாக வந்திருக்கிறது. அம்மா சொல்லிக்கொடுத்த பிரார்த்தனைதான் அவனுடைய ஒரே சொத்து. அரசவையிலோ பக்தி என்றால் பழைய காலத்துச் சமாச்சாரம். போதாக்குறைக்கு மெய்க்காவலர்கள் ஒரு நொடிகூடத் தனியே விடமாட்டார்கள். தனிமையே இல்லாதவன் கடவுளோடு எப்படிப் பேசுவான்? பேரரசனுக்கு வரக்கூடிய பிரச்சினைகளில் இதையும் ஒன்றாக யோசித்து எழுதிய ஆசிரியரை நினைத்தால் மரியாதை வருகிறது.

இந்தக் கதையில் அவனுக்கு நிச்சயமாகும் பெண்ணோடு காதல் மின்னல் எதுவும் அடிப்பதில்லை. அது அரசியல் சம்பந்தம். தயக்கமும் சம்பிரதாயமுமாகத் தொடங்குகிறது, மெல்ல மரியாதை வருகிறது, பிறகு ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறை. வாசகராக எனக்கு அது போதும்.

காதல் என்ற பெயரில் இந்த வகைக் கதைகளில் நடக்கும் அக்கிரமங்களைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். பல நூறு வயதுக்காரன் ஒருவன் ராத்திரியில் தெரியாமல் அறைக்குள் வந்து, தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டே நிற்பானாம், அது காதலாம். வேறு யாராவது செய்தால் போலீஸைக் கூப்பிடுவோம். இன்னொரு வகை, ஒரே ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் தப்பபிப்பிராயத்தை முந்நூறு பக்கத்துக்கு இழுப்பது. வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைப் பத்து நாளில் பிடித்துவிடும் நாயகிக்குத் தன் காதலனிடம் "அந்தக் கடிதம் யார் எழுதியது?" என்று கேட்கத் தெரியாது! பாதிக் கதைகள் கல்யாணத்தோடு முடிந்துவிடுகின்றன, அதற்குப் பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லாததுபோல. ஒருவரை ஒருவர் நம்புகிற இரண்டு பேர் சேர்ந்து ஒரு அரக்கனை எதிர்கொண்டால் சுவாரசியம் குறைந்துவிடுமா என்ன? எனக்கு அங்கேதான் பதற்றம் கூடுகிறது. இழப்பதற்கு அவர்களிடம் ஏதோ இருக்கிறது.

நம்பிக்கை, பக்தி என்று வரும்போது பந்தயம் இன்னும் கஷ்டம். இங்கே இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம், மதம் என்றாலே மோசடி என்று எழுதுகிறவர்கள். இன்னொரு பக்கம், 'நம்பிக்கையூட்டும் கதை' என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே பிரசங்கம் செய்கிறவர்கள். அதில் நாத்திகன் வந்தாலே தெரிந்துவிடும், கடைசிக்குள் அழுது மனம் மாறிவிடுவான். பிரார்த்தனை செய்த மறு பக்கத்தில் பலன் வந்துவிடும். உண்மையைச் சொன்னால், இந்த இரண்டாவது வகைமேல்தான் எனக்குக் கோபம் அதிகம். நான் நேசிக்கும் விஷயத்தை இவ்வளவு மட்டமாகவா எழுதுவது?

லோயிஸ் மக்மாஸ்டர் பூஜோல்ட் இதைச் சரியாகச் செய்தவர். 2001-இல் வந்த 'தி கர்ஸ் ஆஃப் சாலியன்' நாவலில் ஐந்து கடவுள்கள். அந்த உலகில் கடவுள்கள் உண்டா இல்லையா என்ற சந்தேகம் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு சிக்கல்: மனிதன் தன் விருப்பத்தோடு இடம் கொடுத்தாலொழிய அவர்களால் இந்த உலகத்தில் ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது. இந்த ஒரே விதியால் பிரார்த்தனை, தியாகம், அற்புதம் எல்லாமே கதைக்குள் உயிர் பெறுகின்றன. நாயகன் கஸாரில் போரில் பிடிபட்டு, படகில் துடுப்பு வலிக்கும் அடிமையாக இருந்து, உடம்பும் மனமும் நொறுங்கித் திரும்பியவன். பழைய எஜமானியின் வீட்டில் ஏதாவது சின்ன வேலை கிடைத்தால் போதும் என்று வருகிறான். அவனுக்குள் மிச்சம் இருக்கிற கொஞ்சம் நல்லதனத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடவுள்கள் உள்ளே வருகிறார்கள்.

அடுத்த பாகம் 'பாலடின் ஆஃப் சோல்ஸ்' இன்னும் ஒரு படி மேல். நாற்பது வயது விதவை இஸ்டாதான் நாயகி. கடவுள்கள்மேல் கொலைவெறிக் கோபம் அவளுக்கு, அதற்கு நியாயமும் உண்டு. இந்தப் புத்தகத்தில் பக்தி என்பது பெரும்பாலும் சண்டை. திட்டிக்கொண்டே பேசுகிறாள், ஆனால் பேச்சை நிறுத்துவதில்லை. நம்பிக்கையுள்ளவர்களுக்கு இது அந்நியமான அனுபவமாக இருக்காது. 2004-இல் இதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது, சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேண்டஸி எழுத்துக்கான பெரிய விருது அது. நடுத்தர வயதுப் பெண், கடவுள், மனம் ஆறுதல் என்றெல்லாம் எழுதினால் யார் மதிப்பார்கள் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் ஜென்னா ஹெண்டர்சன். பள்ளி ஆசிரியை. சொந்தக் கிரகத்தை இழந்து பூமிக்கு அகதிகளாக வந்து ஒளிந்து வாழும் ஒரு கூட்டத்தைப் பற்றி 1950-களிலிருந்து சிறுகதைகள் எழுதினார். அவர்களால் பறக்க முடியும், பிறர் நோயை உணர முடியும். அதோடு பிரார்த்தனையும் செய்வார்கள், அதற்காக வெட்கப்படவும் மாட்டார்கள். இன்று படித்தால் சில இடங்களில் இனிப்பு தூக்கல்தான். ஆனால் தனித்துப்போன ஒருவர் 'நம்மைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள்' என்று கண்டுகொள்ளும் இடங்கள் இன்னும் மனதை அசைக்கின்றன.

"இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது" என்பார்கள். இதற்கு 1939-லேயே பதில் சொல்லிவிட்டார் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். தேவதைக் கதைகளைப் பற்றி செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த கட்டுரையில், சிறைக்கைதி தப்ப நினைப்பதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்கிறார். எல்லாம் முடிந்தது என்று தோன்றும் நேரத்தில் சட்டென்று நல்லதாகத் திரும்பும் ஒரு கணம் உண்டே, அதுதான் இந்தக் கதைகளின் உயிர் என்கிறார். ஆனால் துயரமும் தோல்வியும் நேரக்கூடும் என்பது உண்மையாக இருந்தால்தான் அந்த மகிழ்ச்சிக்கு அர்த்தம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இதை எழுதியவர் முதல் உலகப் போரில், 1916-இல் சொம் போர்க்களத்தில் நின்றவர். அந்தப் போர் முடிவதற்குள் அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள். இருட்டு தெரியாத அப்பாவி என்று அவரைச் சொல்ல முடியுமா?

இந்த அளவுகோலை என் பக்கத்து ஆட்களுக்கும் வைக்க வேண்டும். சமீப காலமாக இதமான ஃபேண்டஸி என்று ஒரு வகை குவிகிறது. எல்லோரும் எல்லோருக்கும் நல்லவர்கள், யாருக்கும் எதுவும் ஆகாது, மழை பெய்யும், பூனை தூங்கும். பத்துப் பக்கம் சுகம், அப்புறம் கொட்டாவி. எதையும் பணயம் வைக்காத நம்பிக்கை எனக்கு ஒட்டுவதில்லை. அந்த வகையிலும் விதிவிலக்கு உண்டு. பெக்கி சேம்பர்ஸின் 'எ சாம் ஃபார் தி வைல்ட்-பில்ட்' அப்படி ஒன்று, 2021-இல் வந்த குறுநாவல். கிட்டத்தட்ட எல்லாமே சரியாக இருக்கும் உலகம், ஊர் ஊராகப் போய் மக்கள் மனக்குறையைக் கேட்டுத் தேநீர் கொடுக்கும் ஒரு துறவி. வேலையில் நல்ல பெயர், எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் உள்ளே ஏதோ நிறையவில்லை. காட்டில் ஒரு ரோபோ எதிர்ப்பட்டு, மனிதர்களுக்கு என்ன தேவை என்று கேட்கிறது. சண்டையே இல்லாத கதையில் அந்தக் கேள்வி போதுமான அளவு குத்துகிறது.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்றால், என் சிபாரிசு 'தி காப்ளின் எம்பரர்'தான், ஒரு எச்சரிக்கையோடு. பெயர்கள் வாயில் நுழையாது. முதல் ஐம்பது பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியாது. பின்னால் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, பார்த்துப் பார்த்துப் படியுங்கள், பிறகு பழகிவிடும். பக்தி பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் நேராக 'சாலியன்' போகலாம். 'தட்!' படிக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். வைம்ஸ் வரும் நாவல்களின் வரிசையில் அது ரொம்பத் தள்ளி வருவது. 1989-இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலை முதலில் படித்துவிடுங்கள், வைம்ஸ் தன் மனைவியாகப் போகிற சிபிலைச் சந்திப்பதே அதில்தான். ஆரம்பத்தில் அந்த மனிதர் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடப்பார். நான் இவ்வளவு புகழ்ந்தது இந்த ஆளையா என்று மூடி வைத்துவிடாதீர்கள்.