அந்த ஆறு லட்சத்தில் நான் இல்லை

அந்தப் பட்டமளிப்பு விழா வீடியோவை இதுவரை பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்மி ஃபீஸில் படித்துவிட்டுக் கடன் கடன் என்று புலம்புகிறவன் சோம்பேறி" என்கிறார் அந்த மேடையில் பேசிய பெரிய மனிதர். பின்னால் திரையில் 'சம்பளம் ஆண்டுக்கு ஆறு லட்சம்' ஓடுகிறது. கைதட்டல் வேறு.

ஐயா, அது யாருடைய ஆறு லட்சம்? மத்திய அரசு கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கொடுக்கும் கணக்கில், வேலை கிடைத்தவர்களின் சம்பளங்களை அடுக்கி நடுவில் இருப்பதை எடுப்பார்கள். வேலை கிடைக்காதவன் அந்தத் தொகைக்குள் வரவே மாட்டான். கிடைத்தவன் தலையில் எவ்வளவு கடன் என்று எழுத அதில் கட்டமும் இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு 2,80,000 ரூபாய் கல்விக்கடன். தவணை ஆரம்பித்தபோது வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 3,92,000. மாதம் 6,800. கடலூர் சிப்காட்டில் முதல் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வந்தது 10,200. மிச்சத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள், நான்தான் சோம்பேறி ஆயிற்றே.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் என்ற திட்டம் 2009 முதல் இருக்கிறது. வங்கியில் கேட்டேன். "லிஸ்ட்ல உங்க பேரு வரலையே தம்பி" என்றார்கள். அவ்வளவுதான்.

"அப்படியென்றால் ஏன் கடன் வாங்கினாய்?" என்று கமெண்டில் வருவார்கள், தெரியும். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. கொட்டை விற்று அடைத்துவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. நான் படிப்பில் சேர்ந்த அதே 2011-ஆம் வருஷம், டிசம்பரில் 'தானே' புயல் வந்தது. காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தால் மரமெல்லாம் வேரோடு மல்லாந்து கிடக்கிறது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார், அது ஈரத்தில் பற்றவில்லை. அந்தப் புயலும் எங்கள் சோம்பேறித்தனம்தானா?

"ஃபீஸ் கம்மிதானே?" கம்மிதான். ஹாஸ்டல், மெஸ் பில்லை யார் கட்டுவது?

கடனைக் கட்டாமல் விட்டால் அடுத்த பையனுக்கு வங்கி எப்படிக் கொடுக்கும் என்பது நியாயமான கேள்வி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு தவணை பிந்தியதற்கு எனக்குப் போன் செய்யாமல் அப்பாவை வங்கிக்குக் கூப்பிட்டுவிட்டார்களே, அது எந்த நியாயம்? கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மதியம் வரை அந்த பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்ல, கையெழுத்து கேட்டாங்க" என்றார். அந்தச் சட்டையை அப்புறம் அவர் போட்டு நான் பார்க்கவில்லை.

கடைசித் தவணையை 2023-இல் கட்டினேன். கைதட்ட யாரும் வரவில்லை.

இப்போது அக்கா பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அவன் கல்விக்கடனுக்குத் துணைக் கையெழுத்துப் போட மாமா நான் வரவேண்டுமாம். நேற்று ராத்திரி அதே வீடியோவை அவனும் அனுப்பி, "மாமா, ஆறு லட்சமாம்!" என்று எழுதியிருந்தான். இன்னும் பதில் போடவில்லை. திங்கட்கிழமை வங்கிக்குப் போகவேண்டும்.