வார்டுக் காற்றைப் பற்றியும் கேளுங்கள்

கீமோ வார்டு, டயாலிசிஸ் அறை, பச்சிளங்குழந்தை வார்டு என்று எங்கே போனாலும் தரை சுத்தமாக இருக்கிறதா, ஃபினாயில் வாசனை வருகிறதா என்றுதான் பார்க்கிறோம். படுத்திருப்பவர் எந்தக் காற்றை இழுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

அம்மாவுக்குக் கீமோ கொடுத்தது சென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். எட்டுக் கட்டில், இரண்டு ஸ்ப்ளிட் ஏசி, திறக்கவே முடியாத ஜன்னல்கள். ஒருநாள் சர்வீஸ் செய்ய வந்தவர் ஏசி மூடியைக் கழற்றினார். வலையே தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி. அதைக் கட்டில் பக்கத்திலேயே தட்டினார். ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த யாரையும் நகர்த்தவில்லை. கேட்டதற்கு, "ஏசி ரூம்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார்கள்.

ஆகும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே குளிராக்கித் திருப்பி விடும். இருமலில் கிளம்பும் காசநோய்க் கிருமி நுண்துளிகளாக மணிக்கணக்கில் மிதக்கும். போர்வையை உதறினால் தோல் செதிலோடு ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் எழும்பும். திடமான உடம்பு தாங்கிக்கொள்ளும். கிருமியோடு போராடும் வெள்ளையணு இறங்கிக் கிடப்பவர் எப்படித் தாங்குவார்?

1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரைலி என்ற மருத்துவரின் குழு, காசநோய் வார்டுக் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பியது. நோயாளிகளின் அருகில்கூடப் போகாத அந்தப் பிராணிகளுக்குக் காசநோய் வந்தது. அதே காற்றைப் புற ஊதா ஒளியில் காட்டி அனுப்பியபோது வரவில்லை.

அப்புறம் பெரு நாட்டின் லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் செய்து 2007இல் வெளியான ஆய்வு. ஜன்னல் கதவு திறந்தால், 1950க்கு முன் கட்டிய உயரமான அறைகளில் மணிக்கு சுமார் 40 முறை காற்று மாறியது. புதுக் கட்டடங்களில் 17தான். நம் ஊரில் உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் வைத்த பழைய வார்டுகளைப் பழசு என்று ஒதுக்கி, தாழ்வான ஏசி ஹாலை வசதி என்று கட்டுகிறோம்.

சரி, ஜன்னலைத் திறந்தால் மணலி ஆலைப் புகை, துறைமுக லாரித் தூசி, கொசு எல்லாம் வருமே என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் கொசுவலை, ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேன், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடும் ஏற்பாடு மூன்றையும் கேட்கிறேன். எலும்பு மஜ்ஜை மாற்றும் அறைகளில் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைக்கிறார்கள். அந்த அளவுக்கு எல்லா வார்டிலும் வேண்டாம். ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக்காற்று என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையாவது எட்டட்டும்.

வீட்டு ஆளை அட்மிட் செய்யும்போது கேளுங்கள்: வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது, ஏசி ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழற்றிக் கழுவினீர்கள், எங்கே வைத்துக் கழுவினீர்கள்? ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் வார்டில் வேலை செய்யும் நர்ஸ்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.