ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒரு பதிலா?

சனிக்கிழமை நாங்கள் ஐஸ் ஃபிஷிங், அதாவது உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க, போன இடத்தில் நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் ஆளாளுக்கு எழுதி முடித்தாயிற்று. பேசாமல் இருப்போம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அந்தப் படம் வந்தது. பிடித்த பேர்ச் மீன்களை ஐஸில் வரிசையாக அடுக்கி, கீழே "பயந்த ஆக்களுக்கு மீன் இல்லை" என்று எழுதி, என்னையும் டேக் பண்ணியிருக்கிறார்கள். அதற்குச் சிரித்தவர்களில் பாதிப்பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள்.

ஆம், நான்தான் பிள்ளைகளை ஐஸில் இறங்க விடவில்லை. நான்தான் எங்கள் வான் வண்டியைத் திருப்பினேன். நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் திருப்புவேன்.

எனக்கு ஐஸ் ஃபிஷிங் பிடிக்காது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியில், குக்ஸ் பே பக்கம், ஐஸ் மேல் வைக்கிற சின்ன ஹட்டுக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு பேர்ச் பிடிப்பதுதான் எங்கள் குளிர்காலம். என் மகள் எழுத்துக்கூட்டி வாசிக்க முன்னமே தூண்டில் பிடித்தவள். அங்கேகூட நான் ஒவ்வொரு வருடமும் ஹட் வாடகைக்கு விடுபவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். அவர் தினமும் அந்த ஐஸில் ஓடித் திரிகிறவர். எந்தப் பக்கம் வெடிப்பு வந்திருக்கிறது, காற்று எங்கே ஐஸைத் தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை போனது அப்படியான இடம் இல்லை. கவார்த்தா பக்கம் ஓர் ஏரி. வந்திருந்த ஒருவருக்கும் அது பழக்கமில்லை. யாரோ யூடியூபில் பார்த்தார், நல்ல மீன் என்றார், நாங்கள் குடும்பம் குடும்பமாக வெளிக்கிட்டுவிட்டோம். தூண்டில் இரை விற்கிற பெய்ட் ஷாப் வழியில்தான் இருந்தது. நிறுத்திக் கேட்போம் என்றேன். நேரம் போய்விடுமாம்.

கரையோரம் ஐஸைத் துளைக்கிற ஆகர் போட்டார்கள். ஐஸ் ஒன்பது அங்குலத் தடிப்பு. எல்லோரும் கைதட்டினார்கள், "இதில காரே ஓடலாம்" என்றான் ஒரு தம்பி. நான் குனிந்து துளைக்குள் பார்த்தேன். மேலே முக்கால்வாசி பால் மாதிரி வெள்ளை, அடியில்தான் கொஞ்சம் கண்ணாடி ஐஸ். ஸ்னோ நனைந்து உறைந்தால் வருவது அந்த வெள்ளை ஐஸ். தெளிந்த ஐஸின் பலத்தில் பாதிதான் அதற்கு. ஓர் ஆள் நடக்கக் குறைந்தது பத்து சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம், தெளிந்த ஐஸ் வேண்டும், வெள்ளை என்றால் அதற்கு இரட்டிப்பு. இதுவும் கரையோரக் கணக்கு.

அவர்கள் போக நினைத்தது பாலம் தெரிகிற பக்கம், இரண்டு ஏரி சேரும் ஒடுக்கமான இடத்துக்கு. விழுந்தால் ஐஸில் குத்தி ஏற உதவுகிற ஐஸ் பிக்கைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் இரும்பு அலவாங்கால் குத்திக் குத்தி நான்தான் முன்னால் போனேன். ஓரிடத்தில் இரண்டாவது குத்திலேயே அலவாங்கு உள்ளே இறங்கிவிட்டது. தண்ணீர் மேலே வந்து ஸ்னோவைச் சாம்பல் நிறமாக்கியது. அதோடு திரும்பினேன்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒடுக்கத்தில் நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து தின்னும். கவார்த்தா பக்கத்து ஏரிகளை இணைக்கிற ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் இருக்கிற ஏரிகளில் அணைகளைத் திறந்து மூடும்போது நீர்மட்டம் மாறும், ஐஸ் அந்தரத்தில் நிற்கும். காட்டேஜ்காரர் இறங்குதுறை உறையாமல் இருக்கத் தண்ணீருக்கடியில் மோட்டார் ஓட விடுவார்கள், அதைச் சுற்றி ஐஸ் மெல்லிசாக இருக்கும், மேலே ஸ்னோ மூடினால் கண்ணுக்கே தெரியாது. இதெல்லாம் எந்த வீடியோவிலும் வராது. போனில் இருக்கிற ஆழம் காட்டும் ஆப் ஏரியின் அடியைத்தான் காட்டும், இன்றைய ஐஸைக் காட்டாது. அந்த ஏரியோடு வாழ்கிற ஆளுக்குத்தான் அது தெரியும். அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன். தெரியாத ஏரி என்றால் கேட்க வேண்டும். இவ்வளவுதான் நான் அன்றைக்கும் சொன்னது.

"அக்கா, ஒண்டும் நடக்கேல்லையே" என்கிறார்கள். நடக்கவில்லை, சரி. சந்தோஷம். நடக்காததற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? இன்னும் கொஞ்சம் தள்ளி அந்த ஒடுக்கத்தில் நின்றிருந்தால்? நான் திரும்பி வந்து சொன்னதால்தானே நீங்கள் கரைப்பக்கமாகவே நின்று பிடித்தீர்கள்? அதைப் படத்துக்குக் கீழே எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"வெள்ளையள் ட்ரக்கே ஓடுறாங்கள்" என்பது அடுத்தது. ஓடுகிறார்கள்தான். அவர்களுக்கும் நடக்கிறது. 2009 பெப்ரவரியில் ஓஹாயோ பக்கம் ஈரி ஏரியில் ஐஸ் பிரிந்துபோய் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள், ஒருவர் இறந்தார். 2023 டிசம்பரில் மினசோட்டாவின் அப்பர் ரெட் லேக்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஐஸிலேயே பிறந்து வளர்ந்த சனத்துக்கே இந்தக் கதி.

பிள்ளைகளைப் பயமுறுத்துகிறேனாம். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அப்பா யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான மயிலிட்டிக்காரர், கடற்தொழில் செய்தவர். 1990 இல் இடம்பெயர்ந்து வடமராட்சிப் பக்கம் வந்தபோது அவருக்குக் கடல் புதிதில்லை, கரைதான் புதிது. வந்த கையோடு வலையைத் தூக்கிக்கொண்டு இறங்கவில்லை. வள்ளமும் வலையும் வைத்திருக்கிற அந்த ஊர்ச் சம்மாட்டிமாரோடு கரையோர வாடியில் குந்தியிருந்து கதை கேட்பார். கடலடிப் பாறைப் பார் எங்கே இருக்கிறது, வாடைக்காற்றுக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே போட்டால் வலை கிழியும். கடலிலேயே பிறந்த மனிதர், தன்னைவிட வயது குறைந்தவர்களிடம் கேட்டார். அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று ஒருவரும் சொன்னதில்லை. அனுபவசாலி என்றார்கள்.

அதே வேலையை நான் செய்தால் பயம். இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அலவாங்கோடு முன்னால் போனது ஓர் அண்ணையாக இருந்திருந்தால், "அண்ணைக்கு ஐஸ் தெரியும், அவர் சொன்னால் சரி" என்று எல்லோரும் வானில் ஏறியிருப்பீர்கள். பொம்பிளை சொன்னதால் அது பதற்றம். "நீங்கள் வீட்டில நிண்டிருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பூட்ஸ் கட்டி, கையுறை போட்டு, கரையில் பிடித்துவைத்திருந்தது நான். தகப்பன் ஆகர் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

குளிர்த்தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு சிரியுங்கோ. மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுக்கிற கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். நினைவு தப்ப ஒரு மணி நேரம். இது வளர்ந்த ஆளுக்கு. அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து, ஐஸ் பிக்கைக் குத்தி மேலே ஏறி, எழும்பாமல் உருண்டு வர வேண்டும். அன்றைக்கு வந்தவர்களில் என்னைத் தவிர யார் கழுத்தில் ஐஸ் பிக் இருந்தது? எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கோ.

மாசி மாதக் குடும்ப நாள் (Family Day) விடுமுறை வார இறுதியில் ஒன்டாரியோவில் லைசென்ஸ் இல்லாமலே மீன் பிடிக்கலாம். முதல்தரம் ஐஸைப் பார்க்கிற குடும்பங்கள் நிறைய வரும். அதே ஆட்கள் அதே ஏரிக்கு இன்னும் கொஞ்சக் குடும்பங்களைக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு மெசேஜ் போடுங்கோ. திரும்பி வரும்போது நான் அந்த பெய்ட் ஷாப்பில் இறங்கிக் கேட்டேன். பாலத்துப் பக்கம் தான் ஒருநாளும் போவதில்லை என்றார் கடைக்காரர். கடையின் நம்பர் தருகிறேன், என்னை நம்ப வேண்டாம், அவரிடமே கேளுங்கோ.