கப்பலில் வந்தவர்களும் கரையில் நின்றவர்களும்

போன வாரம் தம்பி மகள் ஒரு வீடியோவைக் காட்டினாள். 'செமஸ்டர் அட் சீ' என்ற திட்டத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஒரு கப்பலில் உலகம் சுற்றிக்கொண்டே ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கிறார்கள். "இதெல்லாம் படிப்பா அத்தை, டூர்தானே?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு நூறு வயதாகிறது. அவளிடம் அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். அந்த மாதிரி கப்பலில் வந்த ஒரு பெண் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அன்றிலிருந்தே எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆர்வம்.

1926 செப்டம்பர் 18 அன்று நியூஜெர்சியின் ஹோபோகன் துறைமுகத்திலிருந்து 'ரின்டாம்' என்ற டச்சுக் கப்பல் புறப்பட்டது. உள்ளே சுமார் 500 பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஏற்பாடு செய்தவர் ஜேம்ஸ் லஃப், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர். கண்ணால் பார்ப்பதும் நேரில் பழகுவதும் பாடப்புத்தகத்துக்குச் சமமான படிப்புதான், அதற்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பது அவர் வாதம். முதலில் ஆதரவு தந்த அவருடைய பல்கலைக்கழகம் கப்பல் கிளம்புவதற்கு முன்பே விலகிக்கொண்டது. மனிதர் விடவில்லை. கப்பலில் வகுப்பறைகள், நூலகம் எல்லாம் அமைத்தார். கான்சாஸ் மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் ஹென்றி ஆலன் கூடவே வந்து இதழியல் பாடம் எடுத்தார். மாணவர்களே கப்பலுக்குள் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். ஏழு மாதத்துக்கு மேல் சுற்றிவிட்டு 1927 மே மாதம் ஊர் திரும்பினார்கள்.

ஊரில் பத்திரிகைகள் எதை எழுதின தெரியுமா? பையன்கள் குடித்ததையும், ஆணும் பெண்ணும் ஒரே கப்பலில் போனதையும்தான். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கினால் சாராயம் கிடைக்கும், இருபது வயதுப் பையன்களில் சிலர் குடிக்கத்தான் செய்தார்கள். அதை வைத்தே மொத்தப் பயணத்தையும் உல்லாசம் என்று முடித்துவிட்டார்கள்.

அந்தப் பத்திரிகைகள் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று நினைக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டியது யார்? அவர்கள் போன பாதையில் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கையில் இருந்தது, ஜாவா டச்சுக்காரர்களின் கையில். அதே 1926 நவம்பரில்தான் ஜாவாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. டச்சுக் கப்பலில் போய் இறங்கி, ஆட்சியில் இருந்தவர்களின் வரவேற்பை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்கு அடங்கிப்போனவர்களின் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும்? ரோமில் முசோலினியைக்கூடச் சந்தித்தார்கள். லஃப் சொன்னது சரிதான், பார்ப்பதும் படிப்புதான். ஆனால் யாரோடு நின்று பார்க்கிறோம் என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது.

இடையில் சில முயற்சிகள் வந்து போயின. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1963இல் தொடங்கியது. கலிபோர்னியாவின் விட்டியர் நகரத்து வியாபாரி வில்லியம் ஹியூஸ் 'ஏழு கடல் பல்கலைக்கழகம்' என்று பெயர் வைத்து, 'செவன் சீஸ்' கப்பலில் மாணவர்களை நியூயார்க்கிலிருந்து அனுப்பினார். சில ஆண்டுகளில் சாப்மன் கல்லூரி பாடப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பிறகு வந்தவர்தான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ஹாங்காங் கப்பல் முதலாளி சி.ஒய். டங்.

'குயின் எலிசபெத்' என்று ஒரு கப்பல். 1938இல் கடலில் இறங்கியபோது உலகத்திலேயே பெரிய பயணிகள் கப்பல் அதுதான். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான படைவீரர்களைச் சுமந்தது. விமானம் வந்த பிறகு அதில் ஏற ஆளில்லை. 1970இல் ஏலத்துக்கு வந்தபோது டங் அதை வாங்கினார். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் மிதக்கும் பல்கலைக்கழகமாக்க நினைத்தார். 'சீவைஸ் யுனிவர்சிட்டி' என்று பெயர் வைத்தார். அவருடைய சி.ஒய். என்ற முதலெழுத்துகளும் அந்தப் பெயருக்குள் ஒலிக்கும். ஹாங்காங் துறைமுகத்தில் நிறுத்தி மாற்றியமைக்கும் வேலை கிட்டத்தட்ட முடிந்த நேரம், 1972 ஜனவரி 9 அன்று தீப்பிடித்தது. ஒரே சமயத்தில் பல இடங்களில் பற்றியதால் நாசவேலை என்ற சந்தேகம் எழுந்தது. தீயணைப்புப் படகுகள் பீய்ச்சிய தண்ணீரே கப்பலின் ஒரு பக்கத்தில் சேர்ந்துபோய், பாரம் தாங்காமல் கப்பல் அப்படியே சாய்ந்தது. ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. அந்தப் படங்களை எப்போது பார்த்தாலும் மனசு பிசைகிறது.

டங் அதோடு விட்டுவிடவில்லை. அதைவிடச் சிறிய கப்பல் ஒன்று 'யுனிவர்ஸ்' என்ற பெயரோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களைச் சுமந்தது. பாடப் பொறுப்பு கொலராடோ, பிட்ஸ்பர்க், வர்ஜீனியா என்று பல்கலைக்கழகங்களிடம் கை மாறி, 2016இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் வந்தது. 'செமஸ்டர் அட் சீ' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆபத்துகளும் உண்டு, மறைக்கக் கூடாது. 1996 மார்ச்சில் ஆக்ராவுக்குப் போகும் வழியில் பேருந்து கவிழ்ந்து அமெரிக்க மாணவர்கள் 4 பேர் இறந்தார்கள். 2005 ஜனவரியில் வடபசிபிக்கில் சுமார் 50 அடி அலை ஒன்று அடித்து, இந்தத் திட்டத்தின் 'எக்ஸ்ப்ளோரர்' கப்பலை ஓட்டும் அறையின் கண்ணாடி உடைந்து இயந்திரங்கள் நின்றன. உள்ளே சுமார் 700 மாணவர்கள். நல்ல வேளையாகக் கப்பல் தப்பி ஹொனலுலு போய்ச் சேர்ந்தது. ஆக்ரா விபத்தில் பிள்ளைகளை இழந்த பெற்றோரை நினைத்தால் இதை வெறும் டூர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பல ஆண்டுகள் இந்தத் திட்டத்தின் கப்பல் சென்னைக்கு வந்துபோனது. மகாபலிபுரம், காஞ்சிபுரம், ஆக்ரா, தலித் கிராமம் ஒன்றில் ஓர் இரவு தங்குவது என்று விதவிதமான பயணங்கள் போவார்கள். அப்படி ஒருமுறை, எங்கள் தெருவில் ஒருவர் மூலமாக, ஒரு மாலை மட்டும் வீட்டுக்கு ஒரு மாணவியை அழைத்து உபசரிக்கும் வாய்ப்பு வந்தது. நான் அப்போது பி.காம். கடைசி ஆண்டு.

வந்த பெண் உட்கார்ந்ததும் அம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. டம்ளரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளித்தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அவளையும் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அடுப்பில் தண்ணீரை வைத்து, தளதளவென்று கொதிக்கும்வரை அவள் கண் முன்னாலேயே நிறுத்தி, அப்புறம் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் குடித்துவிட்டு, தானும் ஆற்றிப் பார்க்கக் கேட்டாள். பாதித் தண்ணீர் மேடையில் கொட்டியது. அம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது அவள் என்னிடம் கேட்ட கேள்விதான் இன்றும் மறக்கவில்லை. "இந்தியாவைப் பற்றி இரண்டு வாரமாகக் கப்பலில் பாடம் நடந்தது. நீ ஏன் அந்த வகுப்பில் இல்லை?"

பின்னாளில்தான் தெரிந்தது, இதற்கு ஒரு வழி அந்தத் திட்டத்திலேயே உண்டு. அடுத்த துறைமுகத்து நாட்டைச் சேர்ந்த ஆசிரியரையும் மாணவர்களையும் ஒரு துறைமுகம் முன்பாகவே கப்பலில் ஏற்றிக்கொள்வார்கள். இறங்கப்போகும் ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே வழியில் சொல்வார்கள். இந்த நூறு ஆண்டு வரலாற்றில் ஆகச் சிறந்த யோசனை இதுதான் என்பேன். கஷ்டம் என்னவென்றால் அது ஓரிரு பேரோடு, சில நாட்களோடு முடிந்துவிடுகிறது. கப்பலின் மற்ற இடமெல்லாம் பணம் கட்ட முடிந்தவர்களுக்குத்தான். ஒரு செமஸ்டருக்கு நம் கணக்கில் 20 லட்சத்துக்கு மேல் ஆகும். உதவித்தொகை இருக்கிறது, ஆனால் ராயபுரத்துப் பி.காம். மாணவிக்கு அது கண்ணிலேயே படாது.

எங்கள் பெரியப்பா 'ரஜூலா' கப்பலில் டெக் பயணியாக, அதாவது அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்து, பினாங்கு போனவர். அந்த ரஜூலாவும் 1926இல் கட்டப்பட்டதுதான். நம் ஆட்கள் கடல் தாண்டியது பிழைப்புக்காக. மலாயாவைப் பற்றி அவர் சொன்ன அளவுக்கு எனக்கு எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு மதிப்பெண் தரவில்லை.

அதனால் தம்பி மகளுக்கு நான் சொன்ன பதில் இது: படிப்புதான்டி, சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் குறைந்தது இருபது இடமாவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், பாதி வழியாவது கூடப் போய்ப் படித்துவிட்டு வரட்டும், செலவைக் கப்பல்காரர்கள் ஏற்கட்டும். அவள் உடனே, "எங்க காலேஜ்ல கேட்டுப் பார்க்கவா?" என்றாள். கேட்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது இந்தியாவில் எந்தத் துறைமுகத்துக்கு, எந்தப் பருவத்தில் வருகிறார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கப்பலில் போனவர்கள், துறைமுகத்தில் இவர்களை வரவேற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே கடிதம் லீவ் லெட்டர்தான், விண்ணப்பம் எழுத உதவி வேண்டும்.