நுரையீரலைச் சுற்றிய நீரை ஒரேயடியாக எடுப்பது பற்றி

"ஊசி போட்டு மொத்த நீரையும் ஒரே தடவையில் எடுத்துவிட்டால் திரும்பச் சேராது" என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. ஒரு தடவைக்குப் பொதுவாக 1.5 லிட்டரோடு நிறுத்துவார்கள். நெஞ்சு இறுகினாலோ விடாமல் இருமல் வந்தாலோ அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். புற்றுநோயால் சேர்ந்த நீரை வெறும் ஊசியால் எடுத்தால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் மறுபடி சேரும். வடித்தபின் நுரையீரல் நன்றாக விரிந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தால், குழாய் வழியே சுமார் 4 கிராம் மருத்துவ டால்க் தூளைச் செலுத்தி, நுரையீரலையும் நெஞ்சின் உட்சுவரையும் மூடிய இரு சவ்வுகளையும் நீர் சேர இடமில்லாதபடி ஒட்டவைக்கலாம். விரியாவிட்டால் சவ்வுகள் ஒன்றையொன்று தொடாது, டால்க் பிடிக்காது. அப்படி விரியாத நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் செல்லும் குழாயைப் பொருத்தி வீட்டிலேயே வடிக்கலாம். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் சிவப்போ சீழோ, கூடவே காய்ச்சலோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.